பார்ன் வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறை

கேள்வி: இங்கிலாந்தில் சஃபோக் கிராமம் ஒன்றில், பழைய பார்னை (தானியமும் வைக்கோலும் வைக்கும் பண்ணைக் கட்டடம்) மாற்றிக் கட்டிய வீட்டில் இருக்கிறோம். அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. கீழே படுக்கையறை, குளியலறை, ஒரு கன்சர்வேட்டரி (கண்ணாடி அறை) சேர்த்துக் கட்ட விண்ணப்பித்தோம். ‘பார்னின் தோற்றம் கெடும்’ என்று கவுன்சில் மறுத்துவிட்டது. லண்டனில் என் தம்பி அனுமதியே கேட்காமல் வீட்டை நீட்டிக் கட்டியிருக்கிறான். எங்களுக்கு மட்டும் ஏன் இப்படி?

பதில்: தம்பி வீட்டை விடுங்கள். அனுமதி கேட்காமல் நீட்டிக் கட்ட சாதாரண வீடுகளுக்குத் தானாகவே உள்ள அந்த உரிமை, ‘கிளாஸ் கியூ’ (முழு அனுமதி இல்லாமலே பண்ணைக் கட்டடத்தை வீடாக்க விடும் விதி) வழியாக வீடான பண்ணைக் கட்டடங்களுக்குச் சட்டப்படியே கிடையாது. முழு அனுமதி வாங்கி மாற்றிய பார்ன் என்றாலும், கண்டிஷன் போட்டு அந்த உரிமையை எடுத்திருப்பார்கள். பழைய அனுமதிக் கடிதத்தைத் தேடிப் படியுங்கள்.

அம்மாவின் நிலை உண்மைதான். டாக்டர் கடிதத்தையும் இணையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கட்டடம் நமக்குப் பிறகும் நிற்கும் என்றுதான் அதிகாரி யோசிப்பார். பார்ன் பார்னாகவே தெரிகிறதா என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கன்சர்வேட்டரிதான் காரியத்தைக் கெடுத்திருக்கும் என்பது என் ஊகம். அதைத் தூக்கிவிடுங்கள். புது அறை பார்னைவிடத் தாழ்வாக, ஒடுக்கமாக, பழைய வண்டிக் கொட்டகை மாதிரி இருக்கட்டும். கறுப்பு மரப்பலகைச் சுவர், சின்னச் சின்ன ஜன்னல் போதும். வண்டி நுழையும் அந்தப் பெரிய வாசலை மறைக்காதீர்கள்.

இன்னொன்று: ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களை இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் கட்ட நினைக்கும் இடத்தில் அந்தக் காலத்தில் ஒரு கொட்டகை இருந்ததாகத் தெரிந்தால், அதைவிட நல்ல வாதம் கிடைக்காது.

மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. மறுத்த நாளிலிருந்து 12 வாரம் அவகாசம். ஆனால் கவுன்சில் மறுத்த அதே கட்டடப் பிளானைத்தான் அங்கேயும் பார்ப்பார்கள் என்பதால், திருத்தி மறுபடி விண்ணப்பிப்பதே மேல். இலவச மறுவிண்ணப்பம் 2023 டிசம்பரோடு போயிற்று. 2025 ஏப்ரலில் விண்ணப்பக் கட்டணமும் 528 பவுண்டாக ஏறியது. அதனால் விண்ணப்பிக்கும் முன்பே கவுன்சிலிடம் ஆலோசனை கேளுங்கள். கூரையில் கை வைப்பதானால், வௌவால் அங்கே சட்டப் பாதுகாப்புள்ள உயிர் என்பதால், வௌவால் ஆய்வும் கேட்பார்கள். வௌவால் வெளியே வருவதைக் கணக்கெடுப்பது மே முதல் செப்டம்பர் வரைதான், முன்கூட்டியே ஆளைப் பிடியுங்கள்.

அதுவரை, கீழே உள்ள ஏதாவது ஓர் அறையை அம்மாவுக்கு ஒதுக்க முடியுமா பாருங்கள். பாரம்பரியக் கட்டடமாக அரசு பட்டியலிட்டதாக இல்லாவிட்டால், உள்ளே செய்யும் மாற்றத்துக்குப் பொதுவாகப் பிளானிங் அனுமதி வேண்டாம். குளியலறை வைப்பதானால் கட்டட விதிமுறை ஒப்புதல் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.