யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் பழைய கட்டடம் ஏதும் மிச்சமிருக்கிறதா? போருக்குப் பிறகு எப்படித் திருத்தினார்கள்?

முகப்பைப் பார்த்தால் பழைய சாயல் தெரியும். அதைக் கெடுக்காமல்தான் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் நிலையத்தைத் திருத்தியது சின்ன வேலை. பாதையைத் திரும்பப் போட்டதுதான் பெரிய வேலை.

1902ல் முதலில் கோச்சி, அதாவது ரயில், ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில். தெற்கோடு தொடுப்புக் கிடைத்தது 1905ல். 1956ல் கொழும்புக்கும் இங்கேக்கும் ஓடும் யாழ்தேவி என்ற கடுகதிக் கோச்சி வந்தது. கொழும்பில் அரசாங்க உத்தியோகம், ஊரில் குடும்பம் என்று ஒரு தலைமுறையே வாழ்ந்தது இந்தப் பாதையை நம்பித்தான். வெள்ளி இரவு மெயில் கோச்சியைப் பிடித்தால் சனி காலை வீட்டில் தேத்தண்ணி.

1990 யூனில் போரால் எல்லாம் நின்றது. நிலையம் ஷெல்லடி பட்டுக் கூரையில்லாமல் கிடந்தது. தண்டவாளம் எங்கே போனது என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். பங்கருக்குப் போனது, வேறெங்கே! தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இராணுவம், புலிகள் என இரண்டு தரப்புக்கும் பங்கர் கட்ட உதவின. யாழ்ப்பாணப் பக்கம் பாதை ஓடிய காணியில் சனம் குடியேறி வீடும் கட்டிவிட்டது.

அதனால் வவுனியாவுக்கு அடுத்துள்ள ஓமந்தைக்கு வடக்கே நடந்ததைத் திருத்தம் என்று சொல்ல மாட்டேன், புதிதாகவே போட்டார்கள். இந்தியக் கடனுதவி, வேலை செய்தது இந்திய அரசு நிறுவனமான இர்கோன். கண்ணிவெடி அகற்றி, குடியிருந்தவர்களை எழுப்பி, மெல்ல மெல்லத்தான் வந்தது: 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அந்த ஒக்டோபர் 13ல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. நடுவில் 24 வருடம். வன்னியைத் தாண்டாமல் வளர்ந்த எத்தனையோ பிள்ளைகள் கோச்சியைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள்.

நிலையம் இப்போது துப்புரவாக, வடிவாக இருக்கிறது. எனக்கு ஒரு குறைதான். சுவரை முழுக்கப் பூசி வண்ணமடித்தபோது, சன்னம் துளைத்த ஒரு துண்டையாவது அப்படியே விட்டிருக்கலாம். "தினமும் ஏறி இறங்குகிற இடத்தில் அதை ஏன் பார்த்துக்கொண்டிருக்க வேணும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான். என்றாலும் என் எண்ணம் மாறவில்லை.

சரி, போகிறதென்றால் யாழ்ப்பாணத்தோடு இறங்கிவிடாமல் காங்கேசன்துறை வரைக்கும் போங்கள். கிழமைக் கடைசியில் ஆசனம் பதியாமல் ஏறினால் வவுனியா தாண்டும்வரை நின்றுகொண்டுதான் வர வேண்டிவரும்.