பொதி கட்டிப் பழகுவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருவல்லிக்கேணியில் எங்கள் தாத்தா ஆரம்பித்த சிறிய படிப்பகத்தை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். நாடக நோட்டீஸ், திருவிழா அழைப்பிதழ், நின்றுபோன சிற்றிதழ்கள் என்று நான்கு வருடமாக ஸ்கேன் செய்து இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறோம். டிஜிட்டல் பாதுகாப்பு பற்றி இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். ஓஏஐஎஸ் என்ற காப்பகக் கட்டமைப்பு, மெட்டாடேட்டா என்ற கோப்பு விவரக் குறிப்புகள் என்று முழுக்க ஸ்லைடுகள். ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டில் கணினியைத் திறந்தால் எதைத் தொடுவது என்று தெரியவில்லை. நான் பி.காம். படித்தவள். எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எந்த மென்பொருளை, யாரிடம் கற்றுக்கொள்வது?

மீ., திருவல்லிக்கேணி

அன்புள்ள மீ.,

கெடுத்துப் பாருங்கள். உங்கள் டிஸ்க்கிலிருந்து பத்துக் கோப்புகளை மட்டும் நகலெடுத்து ‘பழகல்’ என்று ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொள்ளுங்கள். அசலைத் தொட வேண்டாம். அந்தப் பத்தும் பாழாய்ப் போனால் பாதகமில்லை.

இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. நானும் இரண்டு நண்பர்களும் ஒரு சிற்றிதழை முதலிலிருந்து கடைசி இதழ்வரை ஸ்கேன் செய்தோம். ஒரு வருடம் கழித்து ஒரு சிறுகதையைத் தேடித் திறந்தேன். பக்கத்தின் மேல்பாதி இருந்தது. ஒரு வரியின் நடுவில் எழுத்து அறுந்து, அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். நண்பரிடம் பிரதி இருக்கிறதே என்று கேட்டால், அதுவும் அதே வரியில் அறுந்திருந்தது. மூன்றாவதும் அப்படியே. எப்போதோ கெட்டுப்போன கோப்பைத்தான் மூன்று பேரும் நகலெடுத்து வைத்திருந்தோம். அசல் இதழைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். கொடுத்தவர் வீடு மாறியபோது அது தொலைந்துவிட்டது. அந்தக் கதையின் முடிவு இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஏடு பெயர்த்து எழுதிய காலத்திலும் இதே கதைதான். எழுதுபவர் ஓரிடத்தில் தவறினால், அதைப் பார்த்து எழுதிய அத்தனை ஏட்டிலும் தவறு இருக்கும். 1887ல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்கு முன் உ.வே.சா. ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தது பாடங்களை ஒப்பிட்டுப் பார்க்கத்தான். நமக்கு அந்த ஒப்பீட்டைச் செய்து தருவது செக்சம். கோப்பில் உள்ளதை வைத்துக் கணினி கணக்கிட்டுத் தரும் எண் அது. ஒரு கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஸ்லைடில் பார்த்தால் மனதில் நிற்காது. நோட்பேடில் ‘தமிழ்’ என்று மட்டும் தட்டிச் சேமித்து, அதன் செக்சத்தை ஷா-256 என்ற முறையில் எடுங்கள். 64 எழுத்துகளில் ஒரு சரம் வரும். இப்போது ழகரத்தை அழித்து ளகரம் போட்டுச் சேமியுங்கள். கோப்பின் அளவு ஒரு பைட்கூட மாறியிருக்காது, ஏனென்றால் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இரண்டு எழுத்துக்கும் மூன்று மூன்று பைட்தான். ஃபோல்டரைப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். மறுபடி செக்சம் எடுங்கள். சரம் முழுக்க வேறாகியிருக்கும்.

அடுத்தது பேகர் என்ற மென்பொருள். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இலவசமாகக் கொடுத்தது, சாதாரண விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும். உங்கள் பத்துக் கோப்புகளையும் அந்த நோட்பேட் கோப்பையும் ‘பேக்-இட்’ முறையில் ஒரு பொதியாகக் கட்டித் தரும். உள்ளே டேட்டா என்ற ஃபோல்டரில் கோப்புகள் இருக்கும். வெளியே மேனிஃபெஸ்ட் என்ற பட்டியலில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அதன் செக்சமும். லாரி ஷெட்டில் பார்சலோடு வரும் சரக்குப் பட்டியல் மாதிரிதான். பொதி கட்டியதும் பேகரை மூடிவிட்டு, உள்ளே இருக்கும் நோட்பேட் கோப்பில் ஒரு எழுத்தை மாற்றுங்கள். பிறகு பொதியைத் திறந்து, சரிபார்க்கச் சொல்லும் ‘வேலிடேட்’ கொடுங்கள். அடுத்து வேறொரு கோப்பை அழித்துவிட்டு மறுபடி கொடுங்கள். எது காணோம், எது மாறியிருக்கிறது என்று அது பெயர் சொல்லிக் காட்டும்போது, அந்த இரண்டு நாள் ஸ்லைடுகள் எதற்காக என்று புரியும். எனக்கு அப்படித்தான் புரிந்தது.

பிறகு டிராய்ட் என்ற மென்பொருள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் தயாரித்தது. கோப்புப் பெயரின் வாலில், புள்ளிக்குப் பின் இருக்கும் எழுத்துகளை நம்பாமல், கோப்பின் உள்ளே உள்ள பைட்டுகளைப் பார்த்து இன்ன வகை என்று சொல்லும். ஒரு பழைய வேர்டு கோப்பின் வாலை மாற்றி ஜேபெக் என்று பெயர் வையுங்கள். வேர்டு 97-2003 என்று சொல்லி, அந்த வகைக்குரிய ‘எஃப்எம்டி/40’ என்ற அடையாள எண்ணும் காட்டும். கூடவே வால் பொருந்தவில்லை என்று எச்சரிக்கும்.

ஆனால் இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. எந்தப் பயிற்சியிலும் இதைச் சொல்ல நான் கேட்டதில்லை. அந்த வேர்டு கோப்பு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியது என்றால், டிராய்டுக்கு அது தெரியாது. செக்சம் சரி, வகையும் சரி. ஆனால் பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள் நிற்கும். ஒரு பைட் கெடவில்லை, ஆனாலும் படிக்க முடியாது. அதனால் பழைய டிடிபி கோப்புகள் உங்களிடம் இருந்தால் எழுத்துருவின் கோப்பையும் அதே பொதியில் வையுங்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிரதி ஒன்றும், எந்த எழுத்துரு என்று ஒரு வரிக் குறிப்பும் போடுங்கள். 1998ல் தொடங்கி, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம், ஆரம்ப ஆண்டுகளில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றியதால்தான் இன்று செல்பேசியிலும் அவற்றைப் படிக்க முடிகிறது.

ஆர்க்கைவ்மாட்டிகா என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். நல்ல மென்பொருள், இதுவும் இலவசம். வைரஸ் சோதனை, வகை அறிவது, மாற்றுவடிவம் செய்வது, பொதி கட்டுவது எல்லாம் வரிசையாகத் தானே செய்யும். லினக்ஸ் தெரிந்த பிள்ளை யாராவது கூட இருந்தால்தான் அதை நிறுவ முடியும். மேலே சொன்னவற்றைக் கையால் ஒருமுறை செய்துவிட்டுப் போனால், அதன் திரையில் ஓடும் ஒவ்வொரு வரியும் தெரிந்த வேலையாக இருக்கும்.

இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியில்தானே இருக்கின்றன? ஒன்றைத் திருச்சியிலோ கோவையிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பர் மழை நினைவிருக்கும். அடையாறில் ஒன்று, வேளச்சேரியில் ஒன்று என்று வைப்பது போதாது. மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு பொதியை வேறு கணினிக்கு எடுத்துப்போய் வேலிடேட் செய்யுங்கள். அதிலிருந்து ஒரு நோட்டீஸையாவது திறந்து கடைசி வரிவரை படித்துப் பாருங்கள்.

யாரிடம் கற்பது என்று கேட்டிருந்தீர்கள். முதல் மாதம் இந்தப் பத்துக் கோப்புகளே போதும். டிராய்டில் ஓட்டியதும் எனக்கு எழுதுங்கள். எந்த வகை என்று அதனால் சொல்ல முடியாத கோப்பு ஏதாவது இருந்தால், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். முதலில் அதைப் பார்ப்போம்.