சிரிஞ்ச் பம்ப்: 15 செவிலியர்கள் இயக்கிப் பார்த்தால் போதுமா?

கேள்வி: எங்கள் சிறிய நிறுவனம் சிரிஞ்ச் பம்ப் (சிரிஞ்சில் உள்ள மருந்தைச் சீரான வேகத்தில் நோயாளிக்கு ஏற்றும் கருவி) ஒன்றை உருவாக்கியிருக்கிறது, உரிமம் இன்னும் வாங்கவில்லை. 15 செவிலியர்களிடம் கொடுத்து, பொம்மைக் கையில் சலைன் ஏற்றிப் பார்த்தோம். எல்லோரும் சரியாக இயக்கினார்கள். இதைக் கிளினிக்கல் ஆய்வாகக் காட்டலாமா? அடுத்து ஐசியூ நோயாளிகள் இரண்டு பேருக்குப் போட்டுப் பார்க்கலாமா?

பதில்: இரண்டும் கூடாது. இரண்டாவது எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள்.

நீங்கள் செய்தது பயன்பாட்டுச் சோதனை. திரையும் பட்டனும் அலாரமும் செவிலியரைத் தவறு செய்ய வைக்கின்றனவா என்பதுதான் அதில் கேள்வி. அதற்கு நோயாளி தேவையில்லை. ஐஈசி 62366-1 தரநிலை இதற்கானது. நோயாளியின் உடலில் கருவி பாதுகாப்பாக, சொன்னபடி வேலை செய்கிறதா என்று பார்ப்பது கிளினிக்கல் ஆய்வு. அதற்கு ஐஎஸ்ஓ 14155 தரநிலை.

உரிமம் இல்லாத புதுக் கருவியை இரண்டே நோயாளிகளுக்குப் போட்டுச் சோதித்தாலும், இந்தியாவின் 2017 மருத்துவக் கருவிகள் விதிகளுக்குள் வந்துவிடுவீர்கள். எம்டி-22 படிவத்தில் விண்ணப்பித்து மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (இந்தியாவின் கிளினிக்கல் ஆய்வுப் பதிவேடு) பதிவு எல்லாம் வேண்டும். ஆனால் ஏற்கெனவே அனுமதி பெற்ற பம்ப் ஒன்றுக்கு உங்களுடையது நிகரானது என்று காட்ட முடிந்தால், கிளினிக்கல் ஆய்வே தேவைப்படாமல் போகலாம். முதலில் அதைப் பாருங்கள்.

எனக்குக் கவலை தருவது ‘எல்லோரும் சரியாக இயக்கினார்கள்’ என்ற வரிதான். 2005 முதல் 2009 வரை இன்ஃப்யூஷன் பம்புகள் (மருந்தும் திரவமும் உடலில் ஏற்றும் பம்புகள்; சிரிஞ்ச் பம்பும் இதில் ஒரு வகை) பற்றி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவுக்கு ஏறக்குறைய 56,000 பாதிப்புப் புகார்கள் வந்தன. குழப்பமான திரையும் பட்டன்களும் அதற்கு ஒரு காரணம். சோதனையின்போது உங்கள் பொறியாளர் பக்கத்தில் நின்று ‘அந்தப் பட்டன், சிஸ்டர்’ என்று எடுத்துக்கொடுத்தாரா? பயிற்சி முடிந்த கையோடு சோதித்தீர்களா? அப்படியானால் அந்த முடிவை நம்ப வேண்டாம்.

15 என்பதும் ஒரு பயனர் பிரிவுக்கு எஃப்டிஏ சொல்லும் குறைந்தபட்ச எண்ணிக்கை. மயக்க மருத்துவரும் பம்பை இயக்குவார் என்றால் அவர்களில் தனியாக 15 பேர் வேண்டும்.

மறுபடி நடத்துங்கள். பயிற்சிக்கும் சோதனைக்கும் இடைவெளி விடுங்கள். இரவு ஷிஃப்டின் மங்கிய வெளிச்சம், நடுவில் அடிக்கும் இன்னொரு அலாரம் எல்லாம் இருக்கட்டும். மணிக்கு 5.0 மில்லி என்பதற்கு 50 என்று ஒருவர் அழுத்தினால் தடுக்காதீர்கள். முடிந்தபின் ‘அப்போது திரையில் என்ன தெரிந்தது?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்துத் திரையை மாற்றி, மீண்டும் சோதியுங்கள்.