தெரு உயர்ந்தது, வீடு பள்ளத்தில் நிற்கிறது

கேள்வி: சென்னைப் புறநகரில் 1996-ல் அனுமதி வாங்கி வீடு கட்டினோம். அப்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் வாசலுக்கு வருவோம். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பச் சாலை போட்டதில், இப்போது ஒரு படி இறங்கி வீட்டுக்குள் போகிறோம். போன வருடம் மழைநீர் வடிகால் கட்டினார்கள். அது எங்கள் கேட்டைவிட உயரமாக இருக்கிறது. தெருமுனையில் எதோடும் சேராமல் அப்படியே நிற்கிறது. ஐப்பசி மழையில் கழிவுநீரும் கலந்து கூடத்தில் முழங்கால் தண்ணீர். மாநகராட்சிப் பொறியாளரிடம் போனால், "வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். அந்தச் செலவை மாநகராட்சியிடம் வாங்க முடியுமா? – ஒரு வாசகி

பதில்: கேட்கலாம். ஆனால் அதையே முதல் வழக்காகப் போடாதீர்கள். நஷ்டஈட்டு வழக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் சாட்சி, குறுக்கு விசாரணை என்று வருடக்கணக்கில் நடக்கும். அதற்குள் உங்கள் தெருவில் இன்னொரு அடுக்கு தார் விழுந்துவிடும். தெருவை உரிய மட்டத்துக்கு இறக்க வேண்டும், வடிகாலை நீர் போய்ச் சேரும் இடம் வரை இணைக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு உங்கள் கோரிக்கை. நஷ்டஈட்டுக்கும் காலவரம்பு உண்டு. அதனால் தண்ணீர் புகுந்த தேதிகள், கெட்டுப்போன பொருட்களின் படங்கள், பழுது பார்த்த ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து, வழக்கறிஞரிடம் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

இந்த மாதிரி வழக்குகள் ஜெயிப்பதும் தோற்பதும் மட்டத்தில்தான். "சாலை உயர்ந்துவிட்டது" என்று நீங்கள் சொல்வீர்கள், "வீடுதான் பள்ளத்தில் கட்டப்பட்டது" என்று அவர்கள் சொல்வார்கள். உரிமம் பெற்ற சர்வேயரை அழைத்து, உங்கள் தரைமட்டம், சாலையின் நடுமட்டம், வடிகாலின் மேல்மட்டம், அடிமட்டம் நான்கையும் அளந்து வரைபடமாக வாங்குங்கள். 1996 அனுமதி வரைபடத்தைத் தேடி எடுங்கள். தெருவில் உள்ள பழைய மேன்ஹோல் மூடிகளையும் கொஞ்சம் பாருங்கள். சில மூடிகள் பள்ளத்துக்குள் கிடக்கும். சிலவற்றைச் சாலை உயர உயரச் செங்கல் வரிசை வைத்து ஏற்றியிருப்பார்கள்; மூடியைத் திறக்கும்போது உள்ளே பழைய பூச்சும் புதிய பூச்சும் தனித்தனியாகத் தெரியும். ஊழியர்கள் அடைப்பு எடுக்க வந்து திறக்கும் நேரத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். தெரு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதற்கு அது நல்ல சாட்சி.

அடுத்து தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தமிழிலேயே எழுதலாம். சாலைக்கும் வடிகாலுக்குமான எஸ்டிமேட், பணி ஆணை, ஒப்பந்தக்காரர் குறைகளைச் சரிசெய்து தர வேண்டிய காலம், எல்லாவற்றுக்கும் மேலாக எம்-புக் நகல், இவற்றைக் கேளுங்கள். எம்-புக் என்பது அளவீட்டுப் புத்தகம்; செய்த வேலையை அதில் அளந்து எழுதி, அதை வைத்துத்தான் பில் போடுகிறார்கள். மில்லிங், அதாவது பழைய தாரைச் சுரண்டும் வேலை, செய்ததாக எம்-புக்கில் பில் இருந்து, தெருவில் மட்டம் ஏறியிருந்தால், செய்யாத வேலைக்குப் பணம் போயிருக்கிறதா என்று ஊழல் தடுப்புக் கண்காணிப்புத் துறைக்குப் புகார் கொடுக்கவும் இடம் உண்டு. பலருக்குத் தெரியாத ஒன்று: அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியைச் சான்றொப்பத்துடன் பெறவும் உரிமை தருகிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதா, மாநகராட்சியுடையதா, தண்ணீர் போய்ச் சேர வேண்டிய கால்வாய் நீர்வளத் துறையுடையதா என்பதையும் இதிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான துறை மீது மனுப் போட்டு ஒரு மழைக்காலத்தையே இழந்தவர்கள் உண்டு.

2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு, மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே அளவுக்குத்தான் புதிய தளம் போட வேண்டும் என்று அதிகாரிகளுக்கு எழுத்தில் அறிவுறுத்தினார். வீடுகள் பள்ளமாகி, மழைநீர் உள்ளே புகுவதுதான் அதற்குக் காரணம். உங்கள் மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். ஆணையருக்கும் தலைமைப் பொறியாளருக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். முதல்வரின் உதவி எண்ணான 1100-ல் புகார் செய்தால் அந்தப் புகார் எண்ணையும் குறித்து வையுங்கள். மனுவே கொடுக்காமல் உயர் நீதிமன்றத்துக்குப் போனால், "முதலில் அவர்களிடம் கேட்டீர்களா?" என்ற கேள்விதான் வரும்.

மனுவுக்கு அசையவில்லை என்றால் இரண்டு வழி. ஒன்று, கோட்டாட்சியரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-வது பிரிவில் மனு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவுதான் இது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லாமில், திறந்த சாக்கடை நாற்றத்தில் தவித்த மக்கள் இந்தப் பிரிவில்தான் மாஜிஸ்திரேட்டிடம் போனார்கள். நகராட்சி "பணம் இல்லை" என்று உச்ச நீதிமன்றம் வரை போனது. 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்கவில்லை. சட்டப்படியான கடமையிலிருந்து நழுவ நிதிப் பற்றாக்குறை சாக்காகாது என்றார். உங்கள் பொறியாளர் "ஃபண்ட் இல்லை" என்றால் சொல்ல வேண்டிய தீர்ப்பு இது. ஆனால் இந்தப் பிரிவு பொதுத் தொல்லைக்கு மட்டும்தான். தண்ணீர் புகும் மற்ற வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

இன்னொன்று, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு, அதாவது கடமையைச் செய்யும்படி அரசு அமைப்புக்கு உத்தரவிடக் கேட்கும் மனு. அங்கே சாட்சிகளை விசாரிப்பது வழக்கமில்லை. ஆவணத்தை வைத்தே பார்ப்பார்கள். சர்வேயர் வரைபடமும் எம்-புக்கும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். "மனுவைப் பரிசீலியுங்கள்" என்ற உத்தரவோடு திரும்பிவிடாமல், நேரில் ஆய்வு செய்து குறிப்பிட்ட கெடுவுக்குள் வேலையை முடிக்கும்படி கேளுங்கள். வழக்குச் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையக் குழுச் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

நீங்கள் அனுப்பிய படத்தில் இன்னொன்றும் தெரிகிறது. கார் ஏறுவதற்காக நீங்கள் கட்டிய சாய்தளம் சாலைக்குள் இரண்டடி வந்திருக்கிறது. பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான். அவற்றை எடுத்துவிட்டுப் பிறகு மனுப் போடுங்கள். "ஓரத்தில் தண்ணீர் ஓட வழியை இவர்களே அடைத்துவிட்டார்கள்" என்று எதிர்த்தரப்பு சொல்வது உறுதி. அது உண்மையாகவும் இருக்கும்போது நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசுவது கஷ்டம். வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எதுவும் மழைநீர் வடிகாலில் விழுகிறதா என்றும் தெருக்காரர்கள் சேர்ந்து பார்த்துக்கொள்ளுங்கள். கூடத்துக்குள் வந்த கழிவுநீருக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

வீட்டைத் தூக்குவதை அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். தூக்கிவிட்டால், இப்போதைய தரைமட்டம் என்ற உங்கள் முக்கிய சாட்சியே போய்விடும். அளந்து ஆவணமாக்கிய பிறகு யோசிக்கலாம். உங்கள் தெருவுக்கு அடுத்த தார் டெண்டர் வந்துவிட்டதா என்று இந்த வாரமே வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். வந்திருந்தால், பழைய தளத்தைச் சுரண்டாமல் புதிய தளம் போடக்கூடாது என்று இடைக்காலத் தடை கேட்க வேண்டும். அதற்கு மற்ற ஆவணங்கள் வரும் வரை காத்திருக்க வேண்டாம். சர்வேயர் அளவும் மனு அனுப்பிய ஒப்புகையும் இருந்தால் தொடங்கலாம்.