ஆசிரியை இருப்பது அடுத்த அறையில்

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஒரு கிராமம். வயது 57. மகளின் பேறுகாலத்துக்காகத் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு முதன்முறையாக விமானம் ஏறுகிறேன், அதுவும் தனியாக. விமான நிலைய ஆங்கிலச் சொற்களையும் ‘ஜெட் லேக்’, ‘ரெட் ஐ ஃபிளைட்’ போன்ற தொடர்களையும் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன், மறுநாளே மறந்துபோகிறது. பள்ளியில் ஆங்கிலம் நடத்தும் மருமகள் வரும் அரவம் கேட்டால் நோட்டை ஒளித்துவிடுவேன். மனத்தில் நிற்க வழி சொல்லுங்கள்.

பதில்: ஊரார் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் பெண் உங்கள் வீட்டிலேயே இருக்க, முகம் தெரியாத எனக்குக் கடிதம் எழுதக் கூசாத நீங்கள் அவரிடம் கேட்கக் கூசுகிறீர்கள். மாமியார் என்ற கெத்து குறைந்துவிடும் என்பதைத் தவிர இதற்கு வேறென்ன காரணம்? மகளுக்குப் பணிவிடை செய்யக் கடல் கடப்பது கடமைதான். ஆனால், நீங்கள் இல்லாத நாள்களில் இந்த வீட்டைத் தாங்கப்போகிறவரிடம் இறங்கிவந்து பேசாமல் புறப்படுவதை நான் பாசம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நீங்கள் எழுதிவைத்தவை உங்களுக்குப் பயன்படாதவை என்பதையும் அவர் ஒரே நாளில் சொல்லியிருப்பார். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணிதான் முந்தியது. அதற்கு, நேர மாற்றத்தால் உடல் தடுமாறுவதைச் சொல்லும் ‘ஜெட் லேக்’ எதற்கு? ‘ரெட் ஐ ஃபிளைட்’ என்பது இரவெல்லாம் பறந்து விடியலில் இறங்கும் விமானம். அதை எந்த அதிகாரியும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. இமிகிரேஷனில் கேட்டால் ‘பர்ப்பஸ் ஆஃப் விசிட்?’, ‘ஹவ் லாங்?’, ‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ என்றுதான் கேட்பார்கள். ‘டு விசிட் மை டாட்டர்’ என்பது, தங்கும் நாள்கணக்கு, மகள் வீட்டு முகவரி, இவை மூன்றும் தடுமாறாமல் வந்தால் போதும். ‘கேட் சேஞ்ச்’ (ஏறும் வாயில் மாறிவிட்டது), ‘ஃபைனல் கால்’ (கடைசி அழைப்பு) என்று அறிவிப்பு கேட்டால் உடனே எழுந்துவிட வேண்டும். ‘லிக்விட்ஸ்’ என்று சோதனையில் சொன்னால் தண்ணீர் பாட்டில் மட்டும் என்று எண்ணாதீர்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட நெய்யையும், நீங்கள் கிண்டி எடுத்துப்போகப்போகிற பிரசவ லேகியத்தையும் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில் வையுங்கள். பவர் பேங்க் இருந்தால் அது மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். திருச்சியில் தமிழிலேயே சமாளிக்கலாம். சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று என்பதால், தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்பதில் இழுக்கில்லை. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போன நம் பக்கத்தார் எந்த நோட்டை வைத்திருந்தார்கள்?

நோட்டைப் பார்த்துப் படித்தால் கண்தான் பழகும், காது பழகாது. அதிகாரியோ வேகமாகக் கேட்பார். எனவே மருமகளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொல்லி, பாஸ்போர்ட்டை நீட்டி, அவர் கேள்விகளை மாற்றி மாற்றி விரைவாகக் கேட்க, நீங்கள் வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். சிங்கப்பூரின் வருகைப் படிவமான ‘அரைவல் கார்டை’, இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாள்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதையும் அவரிடமே ஒப்படையுங்கள். பள்ளி விட்டுக் களைத்து வருகிறவரை வாசலிலேயே பிடித்துக்கொள்ளாமல், அன்றைய இரவுச் சமையலை நீங்களே முடித்து, அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு கேளுங்கள்.