நால்வர் வாசிக்கும் நம் காலத்து இசை

கேள்வி: மொசார்ட், பீத்தோவன் என்று பழைய மேதைகளையே சுற்றிவராமல், இக்காலத்தவர் எழுதும் இசைக்கே முதலிடம் தரும் தந்திக்கருவி நால்வர் குழு மேற்கில் உண்டா?
– வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது, 1973இல் வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் சியாட்டிலில் தொடங்கி, பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் நிலைகொண்ட குரோனோஸ் குவார்டெட். இரண்டு வயலின், ஒரு வியோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது), ஒரு செல்லோ (அதைவிடப் பெரியது, உட்கார்ந்து வாசிப்பது) என்ற அமைப்பு 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹைடன் காலத்ததுதான், வாசிப்பதுதான் வேறு. வியட்நாம் போரின் நிழலில் ஜார்ஜ் கிரம்ப் 1970இல் எழுதிய ‘பிளாக் ஏஞ்சல்ஸ்’ படைப்பை வானொலியில் கேட்டதே ஹாரிங்டனைக் குழு அமைக்கத் தூண்டியது. அதில் கருவிகளின் ஒலி மின்சாரத்தால் பெருக்கப்படும். கலைஞர்கள் தண்ணீர் ஊற்றிய கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் வில்லைத் தேய்த்து நாதம் எழுப்புவார்கள், சேகண்டி போன்ற வெண்கலத் தட்டை ஒலிப்பார்கள், பல மொழிகளில் எண்களை உச்சரிப்பார்கள். இதுவும் சங்கீதமா என்று முதன்முறை கேட்பவர் முகம் சுளித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

புதிதாகக் கேட்பவர்கள் ஸ்டீவ் ரைஷ் இவர்களுக்காக 1988இல் எழுதிய ‘டிஃபரன்ட் டிரெயின்ஸ்’ படைப்பிலிருந்து தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அமெரிக்க ரயில் பயணங்களையும், யூதர்களை வதைமுகாம்களுக்கு ஏற்றிச் சென்ற ஐரோப்பிய ரயில்களையும் நினைவுகூரும் குரல்கள் அதில் ஒலிநாடாவில் ஒலிக்க, அப்பேச்சின் ஏற்ற இறக்கங்களையே தந்திகள் சுரங்களாகப் பின்தொடர்கின்றன.

இளம் குழுக்கள் பயில்வதற்காக, குரோனோஸ் 50 புதிய படைப்புகளை எழுதச்செய்து, அவற்றின் இசைக்குறிப்புகளை இணையத்தில் இலவசமாக வழங்குகிறது. தபலா மேதை ஜாகிர் உசேனின் ‘பல்லவி’யும் அவற்றுள் ஒன்று.