பழையதும் சுண்டக்கறியும் சுகருக்கு ஆகாதா?

கேள்வி: எனக்கு வயது 52. முக்கூடல் பக்கத்தில் ஒரு கிராமம். பீடி சுற்றுகிறேன். மூன்று வருஷமாக சுகர். போன மாதம் பார்த்ததில் வெறும் வயிற்றில் 146, சாப்பிட்டபின் 238. காலையில் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஒன்று, ராத்திரி மெட்ஃபார்மின் மட்டும் ஒன்று. சின்ன வயதிலிருந்தே காலையில் பழையதும், முந்தின நாள் குழம்பையும் கறியையும் வற்ற வைத்த சுண்டக்கறியும்தான். இல்லாவிட்டால் மரச்சீனி (மரவள்ளி)க் கிழங்கு, பனங்கிழங்கு, அவித்த கடலை என்று வீட்டில் இருப்பது. கோயம்புத்தூரிலிருந்து வந்த மகள், "இதெல்லாம் ஒரு டிபனாம்மா? சுகர் ஏறாம என்ன செய்யும்?" என்று சத்தம் போட்டு, நாலு பாக்கெட் ஓட்ஸ் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. இப்போது மாத்திரையைப் போட்டு, டீயும் இரண்டு ரஸ்க்கும் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்துவிடுகிறேன். பதினோரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது. பழையது சாப்பிடலாமா, கூடாதா? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, பழையதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பதினோரு மணி நடுக்கம். அது பெரும்பாலும் சுகர் கூடியதால் வருவதல்ல, குறைந்ததால் வருவது. கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்க்காது. அதை ஒரு நேரச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் போட வேண்டும், இரண்டு ரஸ்க்கை நம்பிப் போடக் கூடாது. அடுத்த தடவை நடுக்கம் வந்தால் பீடித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், 108-ஐக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள். இந்த நடுக்கத்தைப் பற்றி மாத்திரை எழுதிய டாக்டரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அளவைக் குறைப்பதோ மாற்றுவதோ அவர் செய்ய வேண்டியது, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. சாப்பிடலாம். அளவும் தொடுகறியும்தான் மாற வேண்டும்.

உங்கள் மகளின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் இட்லியும் அரிசிதானே? நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. நம் ஊர்ப் பக்கத்தில் இட்லியும் தோசையும் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் என்றிருந்த காலத்தைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் இதைத்தான் தின்ன வேண்டும் என்று வயிற்றுக்கு எந்தச் சட்டமும் இல்லை. பழையது சாப்பிடுவதை மறைத்து, வெட்கப்பட்டு, கடைசியில் டீயிலும் ரஸ்க்கிலும் வந்து நிற்கும் பெண்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். மைதாவும் சீனியும் சேர்ந்த ரஸ்க்கைவிட உங்கள் பழைய பழக்கம் எவ்வளவோ மேல். அதைச் சொல்லத்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

என் ஆச்சி மண்பானையில் கைவிட்டுச் சோற்றை அள்ளி, ஒரு பிடி பிழிந்து கும்பாவில் வைப்பாள். பானை ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் நிற்கும், இலேசான புளிப்பு வாசம் மேலே வரும். அந்தப் புளிப்பு, தயிரைப் புளிக்க வைக்கும் அதே வகை நுண்ணுயிர்களின் வேலை. அவை சோற்றைக் கொஞ்சம் செரித்துத் தருகின்றன, தானியத்தில் உள்ள தாதுக்களை உடம்பு எடுத்துக்கொள்வது சற்று எளிதாகிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காத மாவாக மாறுகிறது என்பதும் உண்மை. ஆனால் அது 100 கிராம் சோற்றில் ஒன்றிரண்டு கிராம் அளவுதான். அதை நம்பி இரண்டு கும்பா சாப்பிட முடியாது. ராத்திரி முழுக்க ஊறினால் சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகிவிடும் என்று உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். இரும்பு ஒரு தாது. அதை எந்தக் கிருமியாலும் உண்டாக்க முடியாது. சோறோ தண்ணீரோ பாத்திரமோ கொடுத்தால்தான் உண்டு. இரத்தசோகை இருக்கிறவர்கள் இதை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

அளவு: பிழிந்த சோறு ஒரு சின்னக் கிண்ணம், சுமார் 150 கிராம். அதிலேயே 40 கிராம் மாவுச்சத்து வந்துவிடும். கும்பா நிறைய என்றால் அது இரட்டிப்பாகும், உங்கள் 238-க்கு அங்கேதான் காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். மீதி வயிற்றை நீத்தண்ணியும் (சோறு ஊறிய தண்ணீர்) மோரும் நிரப்பட்டும்.

அந்தக் கிண்ணச் சோற்றில் புரதம் 4 கிராம்தான். நம் காலைச் சாப்பாட்டில் பெரிய ஓட்டை இதுதான், பணம் இருக்கிற வீட்டிலும் இல்லாத வீட்டிலும். அதை அடைக்க விலை கூடிய எதுவும் தேவையில்லை. ஒரு கைப்பிடி காணத்தை (கொள்ளு) வறுத்துத் துவையல் அரையுங்கள். 30 கிராம் காணத்தில் 6 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையில் இருக்கிற அளவு. அவித்த கடலை, சிறுபயறு, தட்டாம்பயறு எதுவும் நல்லது. உவரிப் பக்கத்துச் சாளை மலிவாக வரும் நாளில் ராத்திரி வைத்த குழம்பில் இரண்டு மீனைக் காலைக்கு எடுத்து வையுங்கள், அதற்கு ஈடான காலைச் சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. முந்தின நாள் உளுந்தஞ்சோறு மீந்தால் எள்ளுத் துவையலோடு அதையே சாப்பிடலாம். கறுப்பு உளுந்து தோலோடு இருப்பதால் வெறும் சோற்றைவிட நிதானமாகத்தான் சுகரை ஏற்றும்.

சுண்டக்கறியில் ஒரு எச்சரிக்கை. சுண்டச் சுண்ட உப்பும் சுண்டும். நேற்றைய அவியலும் புளிக்குழம்பும் ஒரே சட்டியில் வற்றும்போது தண்ணீர்தான் போகிறது, உப்பு அப்படியே நிற்கிறது. அதோடு மோர் மிளகாயும் ஊறுகாயும் சேர்ந்தால், ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டிய உப்பில் பெரும்பகுதி காலையிலேயே முடிந்துவிடும். ரத்தக்கொதிப்பு இருந்தால் சுண்டக்கறி தொட்டுக்கொள்ளும் அளவுக்கு மட்டும். கடித்துக்கொள்ள உள்ளியோ (சின்ன வெங்காயம்) பல்லாரியோ (பெரிய வெங்காயம்) போதும்.

மரச்சீனி வெறும் மாவு. அதை மட்டும் சாப்பிட்டால் சுகர் எகிறும். இரண்டு மூன்று துண்டு, கூடவே மீன். தோலைச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கிழங்கில் இயற்கையாக உள்ள நச்சு பெரும்பாலும் அதோடு போய்விடும். தை மாதம் பனங்கிழங்கு வந்தால் ஒன்றிரண்டு தாராளமாகச் சாப்பிடலாம், நார்ச்சத்து நிறைய. கேப்பை (கேழ்வரகு)க் கூழ் நல்லதுதான், ஆனால் நைசாக அரைத்த மாவில் தண்ணியாகக் காய்ச்சினால் அதுவும் வேகமாக ஏறும். ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: கருப்பட்டிக் காப்பி சுகருக்கு ஆகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான்.

பழையது செய்யும் விதத்தில் கவனமாக இருங்கள். வடித்த சோற்றை ராத்திரி முழுக்க அப்படியே வெளியே விட்டுக் காலையில் தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து வேக வைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பில் முளைத்து நச்சை உண்டாக்கும், அந்த நச்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் அழியாது. சோறு ஆறியதும், இரண்டு மணி நேரத்துக்குள், தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். ஊற்றும் தண்ணீர் காய்ச்சி ஆறியதாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் மதியத்துக்குமேல் வைக்க வேண்டாம். சோறு வழுவழுத்து நூல் விட்டால் கொட்டிவிடுங்கள், மிச்சம் பிடிக்கும் இடம் அதுவல்ல.

பீடி சுற்றும் கைக்கும் ஒரு வார்த்தை. புகையிலைத் தூள் நகக்கண்ணில் ஒட்டியிருக்கும்போது அதே விரலால் சோற்றைப் பிழிந்தால் புகையிலை வயிற்றுக்குள் போகிறது. சோப்புப் போட்டு, நகத்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, தட்டை விட்டு எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள், அது இரும்புச்சத்தைத் தடுக்கும்.

நான் சொல்வதை உங்கள் ரத்தத்தையே கேட்டுச் சரிபார்க்கலாம். ஒரு நாள் மேலே சொன்ன அளவில் பழையதும் காணத் துவையலும், இன்னொரு நாள் நாலு இட்லி. இரண்டு நாளும் சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து சுகர் பாருங்கள். 180-க்குள் நின்றால் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்ப்பார்கள். 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் உங்கள் தெருவுக்கு வரும் பெண்ணிடமும் கேட்கலாம். எண்களை ஒரு நோட்டில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.

மகள் வாங்கிவந்த ஓட்ஸை வீணாக்க வேண்டாம், அதிலும் நல்ல நார்ச்சத்து இருக்கிறது. வறுத்துப் பொடித்து, அரைத்த சிறுபயறோடு கரைத்து, உள்ளியும் முருங்கைக் கீரையும் போட்டு அடையாக ஊற்றுங்கள், தொண்டையில் இறங்கும். நாலு பாக்கெட்டும் தீர்ந்தபின் மறுபடி வாங்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லலாம்.